படபடப்போடயே பல்லாவரம் வரைக்கும் போ

"டென்ஷன் ஆகாதே"ன்னு நான் உனக்குச் சொல்லப் போறதில்லை. அதை ஏற்கெனவே எல்லாரும் சொல்லியாச்சு. ஹாஸ்டல் வார்டன், ஈ.சி.ஜி. எடுத்த டூட்டி டாக்டர், தினமும் போன்ல அப்பா. அவங்க சொல்லி அது நிக்கிற சமாச்சாரமா இருந்தா எப்பவோ நின்னிருக்கும். சித்தப்பா "மனசைத் தைரியமா வெச்சுக்கோ"ன்னாராம். அவருக்கு ஊசின்னாலே மயக்கம் வரும், அது வேற கதை. அதுக்கும் ஒரு வைத்தியம் இருக்கு, பின்னாடி சொல்றேன்.

உனக்கு இப்போ என்ன நிலைமைன்னு எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். குரோம்பேட்டையில ஏறினா கிண்டி ஆறாவது ஸ்டேஷன். ஒருநாள் காலையில கூட்டத்துல நின்னுட்டு இருக்கும்போது மீனம்பாக்கம் தாண்டி வண்டி நடுவழியில நின்னுடுச்சு. நெஞ்சு படபடன்னு அடிச்சுது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போச்சு, மூச்சு போதலை, "செத்துடுவோம்"னு தோணிச்சு. பழவந்தாங்கல்ல இறங்கிட்டே. இறங்கி பெஞ்சுல உட்கார்ந்த கொஞ்ச நேரத்துல சரியாயிடுச்சு. மறுநாள்ல இருந்து பைக் டாக்ஸி. அப்புறம் சிக்னல்ல நிக்கிறப்போ அதுலயும் ஒருமாதிரி இருக்குன்னு ஆட்டோ. இப்போ வீட்டுல இருந்தே வேலை செய்ய முடியுமான்னு மேனேஜர்கிட்ட கேட்டுட்டு இருக்கே. கேட்டு வாங்கிடாதே. இந்தக் கடிதத்துல ஒரு வரியைத்தான் படிப்பேன்னா இதைப் படி: படபடப்பு போனதுக்கு அப்புறம் ரயில் ஏறலாம்னு காத்திருக்காதே. படபடப்போடயே ஏறு. அதுக்கு வழி இருக்கு.

உடம்புக்குள்ள என்னதான் நடக்குது?

வாசல்ல கட்டியிருக்கிற நாய் திருடனைப் பார்த்தும் குரைக்கும், பால்காரரைப் பார்த்தும் குரைக்கும். மூளையில அமிக்டலான்னு ஒரு சின்னப் பகுதி இருக்கு, அதோட வேலையும் அதுதான். ஆபத்தோன்னு சந்தேகம் வந்தாலே போதும், விசாரிக்காம சத்தம் போட்டுடும். உடனே அட்ரினல் சுரப்பி அட்ரினலினை ரத்தத்துல இறக்குது. எதிர்த்து நிக்கணும், இல்லைன்னா ஓடணும், ரெண்டுக்கும் உடம்பைத் தயார் பண்ற ஏற்பாடு அது. வால்டர் கேனன்னு ஒரு அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-லயே இதைப் பத்தி விரிவா எழுதிட்டார்.

நெஞ்சு வேகமா அடிக்கிறது, கை கால் தசைக்கு ரத்தம் அனுப்ப. வயித்தைக் கலக்குறது, இப்போ செரிமானம் அவசியமில்லைன்னு அந்த வேலையை உடம்பு ஒத்திப்போடுறதால. வேர்க்கிறது, உடம்பைக் குளிர வைக்க. விரலும் உதட்டோரமும் மரத்துப்போறதுதான் உன்னை ரொம்பப் பயமுறுத்துதுன்னு சொன்னே. அது பக்கவாதமும் இல்லை, ஒண்ணும் இல்லை. பயத்துல வேகவேகமா மூச்சு விடும்போது ரத்தத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியே போயிடுது. அது குறைஞ்சா மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும். மூச்சு போதலைன்னு உனக்குத் தோணுது பார், அப்போ நீ உண்மையில தேவைக்கு மேல மூச்சு விட்டுட்டு இருக்கே.

இதுக்குப் பேர் பேனிக் அட்டாக். பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போகும், அரை மணி நேரத்துக்குள்ள தானா அடங்கும். நீ பழவந்தாங்கல்ல இறங்காம இருந்திருந்தாலும் அடங்கித்தான் இருக்கும். ஆனா இறங்கினதும் அடங்கினதும் ஒரே நேரத்துல நடந்ததால "இறங்கினதாலதான் பிழைச்சேன்"னு உன் மூளை எழுதி வெச்சுடுச்சு. அதுக்கு அப்புறம் நீ எடுத்த ஒவ்வொரு ஆட்டோவும் அந்தக் கணக்கை இன்னும் உறுதி பண்ணுது. ஒரு மாசத்துல ஆட்டோவுக்குப் போன பணத்தைவிட பெரிய செலவு இதுதான்டி.

முதல்ல ஒரு ரத்தப் பரிசோதனை

எல்லாத்தையும் மனசு மேல போட்டுடாதே. தைராய்டு அதிகமாச் சுரந்தாலும் இதே படபடப்பு, இதே கை நடுக்கம், இதே தூக்கமின்மை வரும். ரத்தசோகையிலயும் நெஞ்சு அடிச்சுக்கும். அதனால ஒரு பொது மருத்துவரைப் பார்த்து டி.எஸ்.ஹெச்., ஹீமோகுளோபின் ரெண்டும் பார்த்துடு, பி12 தேவையான்னும் கேட்டுக்கோ. வீசிங்குக்கு சால்ப்யூட்டமால் இன்ஹேலர் எடுக்கிறியே, அதுவும் நெஞ்சைப் படபடக்க வைக்கும். மூக்கடைப்புக்கு எடுக்கிற சில மாத்திரைகளும் அப்படித்தான். எதெல்லாம் எடுக்கிறேன்னு டாக்டர்கிட்ட சொல்லு.

மாடிப்படி ஏறும்போது நெஞ்சுவலி வந்து உட்கார்ந்தா குறையுது, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுது, உண்மையிலேயே நினைவு தப்பி விழுந்துட்டே, இப்படின்னா யோசிக்காம 108. ஆனா டாக்டர் பார்த்து, ஈ.சி.ஜி. பார்த்து, இதயம் நல்லா இருக்குன்னு சொன்ன பிறகு, அடுத்த வாரம் வேற லேப்ல இன்னொரு ஈ.சி.ஜி. எடுக்காதே. ரெண்டாவது ரிப்போர்ட் தர்ற நிம்மதி ராத்திரி வரைக்கும்கூடத் தாங்காது. மூணாவது கேட்கும். கையில கட்டியிருக்கிற ஸ்மார்ட் வாட்ச்ல நிமிஷத்துக்கு ஒருதடவை நாடித்துடிப்பைப் பார்க்கிறதும் இதே ரகம்தான். கொஞ்ச நாளைக்குச் சாதாரண வாட்ச் கட்டு. ராத்திரி ரெண்டு மணிக்குக் கூகுள்ல அறிகுறி தேடுறதை நான் தனியாச் சொல்லணுமா?

அந்த நிமிஷத்துல என்ன செய்யலாம்?

பக்கத்துல இருக்கிறவங்க "நல்லா மூச்சை இழுத்து விடும்மா"ன்னு சொல்லுவாங்க. நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க, ஆனா இழுத்து இழுத்து விட்டா மரத்துப்போறது இன்னும் கூடும். நீ கவனம் வைக்க வேண்டியது வெளியே விடுற மூச்சுல. மூக்கு வழியா சாதாரணமா நாலு எண்ணுற அளவுக்கு இழு, ஆறு எண்ணுற அளவுக்கு மெதுவா விடு. நெஞ்சு எழும்பாம வயிறு எழும்பினா நல்லது. யோகா கிளாஸ்ல கத்துக்கிட்ட கபாலபாதியை அந்த நேரத்துல எடுக்காதே, அது வேக மூச்சு. காகிதப் பைக்குள்ள மூச்சு விடுறதை சினிமாவுல பார்த்திருப்பே, அதுவும் வேண்டாம். நிஜமாவே வீசிங்கோ இதயக் கோளாறோ இருந்தா ஆபத்தாயிடும்.

மூச்சைவிட முக்கியம், அந்த நேரத்துல நீ உனக்குள்ள என்ன பேசிக்கிறேங்கிறது. "இது போகணும், உடனே போகணும்"னு சொல்லிட்டு இருந்தா அதுவே அடுத்த சுற்று அட்ரினலின். "இது அட்ரினலின். கொஞ்ச நேரம் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்"னு சொல்லிப் பாரு. சொல்லிட்டு எதுல இருந்தியோ அதைத் தொடர்ந்து செய்.

"மயங்கி விழுந்துடுவேனோ"ங்கிறதுக்கும் பதில் இருக்கு. மயக்கம் வரணும்னா பெரும்பாலும் ரத்த அழுத்தம் சட்டுன்னு இறங்கணும். பேனிக்ல ரத்த அழுத்தம் ஏறும். கிறுகிறுன்னு வருமே தவிர, விழுறது அபூர்வம். ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தா வர்ற பயம் மட்டும் விதிவிலக்கு. அதுல நிஜமாவே அழுத்தம் இறங்கி சாய்ஞ்சுடுவாங்க. சித்தப்பாவுக்கு இதைச் சொல்லு: ஊசி போடுறதுக்கு முன்னாடி, ஊசி போடாத கையையும் கால் தொடை தசைகளையும் பத்துப் பதினைஞ்சு விநாடி இறுக்கணும், முகம் சூடாகிறது தெரிஞ்சதும் விடணும், மறுபடி இறுக்கணும். அழுத்தம் இறங்காம பிடிச்சு நிறுத்தும். ஸ்வீடன்ல லார்ஸ் யோரான் ஓஸ்ட்னு ஒரு உளவியலாளர் கொண்டுவந்த முறை இது.

ஒவ்வொரு ஸ்டேஷனா

இனிதான் மெயின் வேலை. இதுல அவசரமும் கூடாது, ஒத்திப்போடுறதும் கூடாது.

ஒரு நோட்டுல உனக்குப் பயம் குறைவா இருக்கிறதுல இருந்து அதிகமா இருக்கிறது வரைக்கும் வரிசையா எழுது. உன் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு குரோம்பேட்டை பிளாட்பாரத்துல சும்மா நின்னு ரெண்டு வண்டியை விடுறது. அடுத்தது, குரோம்பேட்டையில ஏறி பல்லாவரத்துல இறங்குறது, அவ்வளவுதான். அப்புறம் திரிசூலம், அங்கே இறங்கினா எதிர்ல ஏர்போர்ட்டைப் பார்த்துட்டுத் திரும்பி வரலாம். அப்புறம் மீனம்பாக்கம். அதுக்கு அடுத்ததுதான் நிஜப் பரீட்சை: பழவந்தாங்கல்ல கதவு பக்கத்துல வந்து நிக்கணும்னு கால் பரபரக்கும்போது, இறங்காம பரங்கிமலை வரைக்கும் போறது. அதுக்குப் பிறகு கிண்டி, முதல்ல ஞாயித்துக்கிழமை, பிறகு வேலை நாள்ல மத்தியானம், கடைசியா காலை எட்டரை மணி லேடீஸ் கம்பார்ட்மென்ட்.

ஒரு படியை ஒரே தடவை செஞ்சுட்டு "முடிஞ்சுது"ன்னு அடுத்ததுக்குத் தாவாதே. சலிச்சுப் போற வரைக்கும் செய். "சே, மறுபடி பல்லாவரமா"ன்னு அலுப்பு வந்தா அந்தப் படி முடிஞ்சதுன்னு அர்த்தம். வாரத்துக்கு நாலஞ்சு தடவையாவது போகணும். மாசத்துக்கு ஒண்ணுன்னா ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் பயப்படுவே. ஒரு மாச சீசன் டிக்கெட் எடுத்துடு. காசு போட்டாச்சுன்னா உனக்குப் போகாம இருக்க மனசு வராது, எனக்குத் தெரியாதா.

ஒவ்வொரு தடவை கிளம்புறதுக்கு முன்னாடியும் நோட்டுல ஒரு வரி எழுது: "இன்னிக்கு என்ன நடக்கும்னு நினைக்கிறேன்." மயங்கி விழுவேன், எல்லாரும் வேடிக்கை பார்ப்பாங்க, கத்திடுவேன், எதுவா இருந்தாலும் சரி. திரும்பி வந்து அதுக்குக் கீழ நடந்ததை எழுது. பயம் குறைஞ்சுதான்னு எழுத வேண்டாம். சில நாள் குறையாது. நீ எழுதினது நடந்துச்சா இல்லையான்னு மட்டும் எழுது. சில வாரம் கழிச்சு அந்த நோட்டைப் புரட்டிப் பாரு, நான் சொல்றதைவிட அதை நம்புவே.

இதுல ஒரு திருட்டுத்தனம் நடக்கும், அதையும் பார்த்துக்கோ. ரயில்ல ஏறுவே, ஆனா கதவுகிட்டயே நிப்பே. கையில தண்ணி பாட்டில், பையில மாத்திரை அட்டை, காதுல என் குரல். இதெல்லாம் இருந்ததாலதான் தப்பிச்சேன்னு மூளை மறுபடியும் பழைய கணக்கையே எழுதும். முதல் சில தடவை இருந்துட்டுப் போகட்டும். அப்புறம் ஒவ்வொண்ணா விடு. கதவுல இருந்து தள்ளி உள்ளே போய் நில்லு. பாட்டிலை ஹாஸ்டல்ல வெச்சுட்டுப் போ, ஆறு ஸ்டேஷனுக்குள்ள யாரும் தாகத்துல போயிட மாட்டாங்க. கடைசியா போன்ல என்னையும் விடு.

இதயம் நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டா, ஹாஸ்டல் மாடிப்படியை ஒரு நிமிஷம் ஓடி ஏறி இறங்கு. நெஞ்சு அடிச்சுக்கும், மூச்சு வாங்கும். அது அடங்குற வரைக்கும் உட்காராம நின்னு கவனி. ரயில்ல வந்த அதே அடி, இங்கே அதைக் கண்டு நீ பயப்படலை. வேணும்னே வரவழைச்சுப் பழகுறது கிறுக்குத்தனமாத் தோணும். மனநல சிகிச்சையில முறையாவே செய்யற பயிற்சிதான் இது.

என்கிட்ட ஒருதடவைதான் கேட்கலாம்

"அக்கா, எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" இந்தக் கேள்விக்கு இனிமே ஒரு விஷயத்துக்கு ஒருதடவைதான் பதில். ரெண்டாவது தடவை கேட்டா "இதுக்குப் பதில் உனக்குத் தெரியும்"னு மட்டும் சொல்லுவேன். கோபம் இல்லை. நான் ஒவ்வொரு தடவை "ஆகாதுடி"ன்னு சொல்லும்போதும் அந்த நிம்மதி என்கிட்ட இருந்து வருது, உனக்குள்ள முளைக்கிறதே இல்லை. அம்மாகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். அவங்க தாங்குவாங்களான்னுதான் சந்தேகம்.

அம்மா மந்திரிச்ச கயிறு அனுப்பினா கட்டிக்கோ. அதுல சண்டை வேண்டாம், அவங்களுக்கும் பதட்டம்தானே. கயிறு கட்டியாச்சு, டாக்டர் எதுக்குன்னு கேட்டா அப்போ மட்டும் போனை என்கிட்ட குடு.

மத்தியான மீட்டிங், அப்ரைசல், அம்மாவோட பி.பி., வீட்டுக் கடன், மாப்பிள்ளை பார்க்கிறது, எல்லாம் சேர்ந்து ராத்திரி படுத்ததும் வருதுன்னு சொன்னியே, அதுக்கு வேற வழி. தினமும் சாயங்காலம் ஏழு மணியில இருந்து ஏழு இருபது வரைக்கும் கவலைப்படுறதுக்குன்னே ஒதுக்கு. பகல்ல ஒரு கவலை வந்தா ஒரு சொல்லுல குறிச்சுட்டு "ஏழு மணிக்கு வா"ன்னு அனுப்பிடு. ஏழு மணிக்கு உட்கார்ந்து பட்டியலை எடு. நாளைக்கே ஏதாவது செய்யக்கூடியதா இருந்தா, என்ன செய்யணும்னு ஒரு வரி. "ஒருவேளை அப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டா"ங்கிற மாதிரி செய்யறதுக்கு எதுவுமே இல்லாததா இருந்தா அப்படியே விடு, விடைக்காகத் துழாவாதே. பாதிக் கவலை ஏழு மணிக்குள்ள ஆறிப்போயிருக்கும். படுக்கையில மட்டும் இதைச் செய்யாதே.

காபி விஷயம். அதை விடச் சொன்னா நீ என்னோட பேசமாட்டே, தெரியும். ஆனா காலையில இட்லியை விட்டுட்டு வெறும் வயித்துல ரெண்டு டம்ளர் ஃபில்டர் காபியோட ரயில் ஏறினா கை நடுங்காம என்ன செய்யும்? கஃபீன் உடம்புல பாதியாக் குறையவே ஏறக்குறைய அஞ்சு மணி நேரம் ஆகும். சாயங்காலம் அஞ்சு மணிக் காபியில பாதி ராத்திரி பத்து மணிக்கும் உனக்குள்ள இருக்கும். காலையில சாப்பிட்டுட்டு ஒரு டம்ளர், மத்தியானத்துக்கு மேல வேண்டாம். சட்டுன்னு நிறுத்தினா தலைவலி வரும், கொஞ்சங்கொஞ்சமாக் குறை. பீரியட்ஸுக்கு முந்தின வாரம் படபடப்பு கூடினா பயிற்சி தோத்துடுச்சுன்னு நினைக்காதே, பலருக்கும் அப்படித்தான். காலண்டர்ல குறிச்சுக்கோ.

டாக்டர்கிட்ட போறது பத்தி

பதட்டத்தை அளக்க ஜி.ஏ.டி. 7-ன்னு ஒரு கேள்வித்தாள் இருக்கு. கடந்த ரெண்டு வாரத்தைப் பத்தி ஏழு கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் பூஜ்யத்துல இருந்து மூணு வரைக்கும் மதிப்பெண், மொத்தம் 21. பத்தோ அதுக்கு மேலயோ வந்தா ஒருத்தரைப் பார்த்துடணும்னு அர்த்தம். அது நோயை முடிவு பண்ற தாள் இல்லை. ஆனா தாளே வேண்டாம், உனக்கு ஏற்கெனவே வேலை கெட்டிருக்கு, தூக்கம் கெட்டிருக்கு. இந்த ரெண்டே போதும். உயிரோட இருக்க வேண்டாம்னு ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தாகூட அன்னிக்கே என்னைக் கூப்பிடு, எந்த நேரமா இருந்தாலும். என் போன் எடுபடலைன்னா 14416. டெலி மானஸ்னு மத்திய அரசு 2022 அக்டோபர்ல தொடங்கின இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். அவ்வளவு மோசமாகிற வரைக்கும் காத்திருக்கணும்னு இல்லை, சாதாரண பதட்டத்துக்கும் கூப்பிடலாம்.

மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடிச்சு மேற்படிப்பு படிச்சவர், மாத்திரை எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுதமாட்டார், மேல சொன்ன மாதிரி பயிற்சிகளை உன்கூட உட்கார்ந்து செய்வார். அதுக்கு சி.பி.டி.ன்னு பேர், பேனிக்குக்கு அது நல்லாவே வேலை செய்யும். முதல் தடவை போகும்போது "சி.பி.டி. பண்ணுவீங்களா, பயப்படுற இடத்துக்குப் போய்ப் பழகுற பயிற்சி உண்டா"ன்னு கேளு. வாராவாரம் பேசிட்டு மட்டும் வர்றதா இருந்தா, மனசு லேசாகும், ரயில் ஏறமாட்டே.

தனியார்ல ஒரு தடவைக்கே நிறைய கேட்பாங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவு இருக்கு, மாவட்டத் தலைமை மருத்துவமனையிலயும் பார்க்கலாம். கீழ்ப்பாக்கம்னு சொன்னாலே நம்ம சினிமா சிரிக்கச் சொல்லிக் குடுத்துடுச்சு. 1794-ல சென்னையில தொடங்கின மனநல மருத்துவமனை அது. அங்கே வெளிநோயாளியா வர்றவங்க டோக்கன் வாங்கி, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கிட்டு வேலைக்குப் போறவங்கதான். "கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு"ன்னு யாராவது இழுத்தா, அந்தப் பேச்சை நான் பார்த்துக்கிறேன்.

மாத்திரை குடுத்தா பயப்படாதே. எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ரலின் மாதிரியான மாத்திரைகள் பலன் காட்ட நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். முதல் வாரம் வயித்துப் பிரட்டல் இருக்கலாம், படபடப்புகூடக் கொஞ்சம் கூடலாம். அங்கேதான் நிறையப் பேர் "இது எனக்கு ஒத்துக்கலை"ன்னு விட்டுடறாங்க. டாக்டருக்கு போன் பண்ணிக் கேளு, நீயா நிறுத்தாதே. நல்லானதுக்கு அப்புறமும் பல மாசம் எடுக்கச் சொல்லுவாங்க, பிறகு மெதுவாத்தான் குறைப்பாங்க.

அல்ப்ரஸோலம், குளோனஸெபாம் வேற ரகம். போட்டா சீக்கிரமே அடங்கும், அதுதான் அதுல இருக்கிற சிக்கல். சில வாரம் தொடர்ந்தாலே உடம்பு அதைக் கேட்க ஆரம்பிக்கும். டாக்டர் கொஞ்ச நாளைக்குன்னு குடுத்தா அவர் சொன்ன கணக்குல எடு. ரூம்மேட்கிட்ட இருக்கிற அட்டையில இருந்து ஒண்ணு, தெரிஞ்ச மெடிக்கல்ல சீட்டில்லாம ரெண்டு, இந்தக் கதையே வேண்டாம்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது தைராய்டு ரிப்போர்ட்டு, ஈ.சி.ஜி., இன்ஹேலர், இப்போ எடுக்கிற மாத்திரை அட்டைகள், ரயில் நோட்டு எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போ. எப்போ ஆரம்பிச்சுது, வாரத்துக்கு எத்தனை தடவை வருது, எதையெல்லாம் செய்யறதை விட்டுட்டே, நம்ம வீட்டுல வேற யாருக்கு இப்படி இருந்துச்சு, இந்த நாலையும் முன்னாடியே எழுதிக்கோ, உள்ளே போனா மறந்துடும். கடைசிக் கேள்விக்கு அம்மா "யாருக்கும் இல்லை"ன்னுதான் சொல்லுவாங்க. அத்தையைக் கேளு.